விஸ்கி கேட்ட ஞாயிற்றுக்கிழமைகள்

விழுப்புரத்தில் அந்த நாட்களில் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு குடித்த ஒரே மனிதர் பர்மிட்தான். மற்றவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு குடித்தார்கள். அல்லது புதுச்சேரிக்கு ரயிலேறிப் போய்க் குடித்துவிட்டு, வாய் நிறைய வெற்றிலையை அடைத்துக்கொண்டு, யார் என்ன கேட்டாலும் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டு வீடு திரும்பினார்கள். மாகாணம் முழுவதும் மதுவிலக்கு. இவரோ சர்க்கார் முத்திரை போட்ட மதுபான பர்மிட்டைக் கண்ணாடிச் சட்டத்துக்குள் வைத்துச் சுவரில் மாட்டி, அதன் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்கு, நாலு பேர் பார்க்கக் குடித்தார்.

காலையில் எதற்கு என்று ஒருமுறை கேட்டேன்.

"சாய்ந்தரம் குடிக்கிறவன் குடிகாரன். காலைல பதினோரு மணிக்கு டேஸ்ட் பாக்கறவன் ஆபீசர்" என்றார்.

பாட்டில் வாங்கச் சென்னைக்குப் போகும்போது அந்தச் சட்டத்தை ஆணியிலிருந்து கழற்றி, துண்டில் சுற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டு போவார். ரயிலில் பார்த்தவர்கள் ஏதோ சுவாமி படம் என்று நினைத்து நகர்ந்து இடம் கொடுத்தார்கள். அவருடைய சொந்தப் பெயர் அந்தச் சீட்டில் எழுதியிருந்தது. யாரும் அவ்வளவு பக்கத்தில் போய்ப் படித்ததில்லை. ஊருக்கு அவர் பர்மிட். மரியாதையாகப் பேசுகிறவர்களுக்குப் பர்மிட்டய்யா.

ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு மாடிக் கட்டடம். கீழே அவருடைய சோடா கம்பெனி, மேலே எங்கள் லாட்ஜ். நான் மல்லாட்டை மண்டி ஒன்றில் குமாஸ்தா. நிலக்கடலைக்கு எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்றுதான் பெயர். எனக்கு அடுத்த அறையில் நயினார். செஞ்சிப் பக்கத்து ஜைனக் குடும்பத்துப் பிள்ளை, ஜவுளிக் கடையில் வேலை. சூரியன் இறங்கிவிட்டால் பச்சைத் தண்ணீரைத் தவிர வேறு எதையும் தொடமாட்டார். மூன்றாவது அறையில் பர்மிட். மனைவியும் மகளும் திண்டிவனத்தில் இருந்தார்கள். லாட்ஜில் இருக்கும் மற்றவர்கள் ஞாயிற்றுக்கிழமைக்கு ஊருக்குப் போவார்கள். இவர் திங்கட்கிழமை போய்ச் செவ்வாய்க்கிழமை வருவார். காரணத்தை அவர் மறைத்ததில்லை.

"சர்க்கார் பர்மிட் குடுத்துட்டுது. வூட்ல அப்ளிகேஷன் இன்னும் பெண்டிங்."

பர்மிட் வாங்குவதில் ஒரு சங்கடம் இருந்தது. இந்த மனிதருக்கு மது இல்லாவிட்டால் உடம்பு தாங்காது என்று டாக்டர் எழுதித் தரவேண்டும். அதாவது, சட்டப்படி குடிக்க வேண்டுமானால் முதலில் சட்டப்படி குடிகாரர் ஆக வேண்டும். பர்மிட் அதற்கும் கூசாமல் கையெழுத்துப் போட்டிருந்தார். உண்மையில் அவர் குடித்தது பாட்டில் மூடியில் ஒரு மூடி. அதையும் ஒரே மடக்கில் விழுங்காமல் அரை மணி நேரம் வைத்துக்கொண்டிருப்பார். மிச்ச நேரமெல்லாம் பேச்சு.

உலக யுத்தத்தின்போது பட்டாளத்தில் ஸ்டோர் கீப்பராக இருந்தவர். அங்கே சிப்பாய்களின் உடம்பைத் தரம் பிரிக்க வைத்திருந்த வார்த்தைகளை ஊருக்குக் கொண்டு வந்து, வாயில் போடுகிற எல்லாவற்றுக்கும் வழங்கினார். ஃபிட், லைட் டூட்டி, அன்ஃபிட். மெஸ் சாம்பார் லைட் டூட்டி. லாட்ஜ் கிணற்றுத் தண்ணீர் அன்ஃபிட். இதைக் கேட்டபிறகு லாட்ஜ் சொந்தக்காரர் ஒரு மழைக்காலம் முழுக்க அவரோடு பேசவில்லை. திருவாமாத்தூர் கோயிலில் பிரசாதம் வாங்கி வாயில் போட்டவர், பிராகாரம் அதிர "ஃபிட்" என்றார். குருக்கள் பயந்துபோய் இன்னொரு உருண்டை கொடுத்தார். சொந்தச் சரக்குக்கும் சலுகை கிடையாது. பன்னீர் சோடா கேட்டு வருகிறவர்களிடம், "வயித்து வலின்னா குடிங்க. ருசிக்குன்னா எதிர்க் கடைல மோர் நல்லா இருக்குது" என்பார். எதிர்க் கடைக்காரர் தீபாவளிக்கு அவருக்கு வேட்டி எடுத்துக் கொடுத்தார் என்று ஒரு பேச்சு உண்டு.

இனி விஸ்கிக்கு வருகிறேன்.

சென்னையில் பர்மிட்காரர்களுக்கென்று இருந்த கடையில் மேல்தட்டு முழுக்க ஸ்காட்ச். கீழ்த்தட்டில், தூசி படிந்த மூலையில் அயர்லாந்து விஸ்கி ஒன்று. இருப்பதிலேயே மலிவு. லேபிளில் நம் யாழ் மாதிரி ஒரு வாத்தியம். நாங்கள் வீணை மார்க் என்போம். மலிவு என்பதாலேயே கௌரவம் பார்ப்பவர்கள் அதைத் தொடுவதில்லை. பர்மிட் அதைத்தான் வாங்குவார். ஸ்காட்ச் ஏன் வேண்டாம் என்று கேட்டால், "அது புகை. அடுப்புப் பக்கத்துல எலை போட்டு உக்காந்தாப்பல. புடிச்சவங்களுக்குப் புடிக்கும்" என்று முடித்துவிடுவார்.

ஞாயிறு பதினோரு மணிக்கு நாங்கள் அவர் அறையில் கூடுவோம். ஊருக்குப் போகாதவர்கள், கீழே சோடா குடிக்க வந்தவர்கள் என்று ஏழெட்டுப் பேர் சேர்ந்துவிடுவோம். எங்களில் யாருக்கும் குடிக்க உரிமை இல்லை, பாதிப் பேருக்கு ஆசையும் இல்லை. ஆனால் ஒருவரும் தவறவிட்டதில்லை. பர்மிட் மூடியில் ஊற்றி, மூக்குக்கு நேரே பிடிப்பார்.

"யாரும் பேசாதீங்க. மொதல்ல மூக்கு." ஒரு நிமிஷம் அறையில் மின்விசிறி இருந்திருந்தால் அதன் சத்தம் கேட்டிருக்கும். மின்விசிறி இல்லை. "வாழத்தாரு பழுக்க வெச்ச ரூமு. பக்கத்துல புதுசா சுண்ணாம்பு அடிச்ச செவுரு. ரெண்டும் ஒண்ணா வருது."

நாங்கள் எல்லோரும் காற்றை ஒருமுறை உறிஞ்சிப் பார்ப்போம். பிறகு ஒரு துளி நாக்கில் போகும். கண்ணை மூடுவார்.

"நாக்கு நுனில தேனு."

உடனே நயினார் எழுந்து வெளியே போய்விடுவார். அவர்கள் தேன் சாப்பிடுவதில்லை. சாப்பிடக்கூடாத ஒன்றைக் கேட்பதும் கூடாது என்பது அவராக வைத்துக்கொண்ட விதி. விஸ்கி குடிக்கிற சமாச்சாரம், அது அந்த விதியில் வராதாம். கொஞ்ச நேரம் கழித்துத் தலையை நீட்டி, "தேன் முடிஞ்சுதுங்களா?" என்பார்.

"முடிஞ்சுது, வா, உக்காரு. இப்ப கேப்பை மாவு. சட்டில போட்டு வறுக்கறப்ப அடி லேசா தீய்ஞ்சி ஒரு வாசனை வரும் பாரு, அந்த எடத்துல நிக்குது." கேழ்வரகு வறுபடும் வாசனை எங்கள் எல்லோருக்கும் தெரியும். தலையாட்டுவோம். "இப்ப தொண்டை. லேசா சுடுது. சுடுதண்ணி சொம்ப மேல்துண்டால புடிச்சாப்பல, அவ்ளோதான்."

"அப்புறம்?" என்று யாராவது கேட்பார்கள்.

"அப்புறம் ஒண்ணும் இல்ல. ரயிலு போயிட்ட பிளாட்பாரம்."

பிறகு தீர்ப்பு. "மலிவுச் சரக்கு, ஒத்துக்கணும். பீப்பாய்ல இன்னும் கொஞ்ச வருசம் தூங்கியிருக்கணும், எழுப்பிட்டாங்க. மீசை மொளைக்காத பையன் அவங்கப்பன் கோட்ட மாட்டிக்கினு சபைக்கு வந்தாப்பல இருக்குது. கை தொளதொளன்னு தொங்குது. ஆனா மரியாதையான பையன். யாரையும் திட்டல, யார் கால்லயும் மிதிக்கல. லைட் டூட்டி."

எந்த ஞாயிற்றுக்கிழமையும் அதற்கு ஃபிட் கிடைத்ததில்லை. ஆனாலும் ஒவ்வொரு வாரமும், இந்தத் தடவை கிடைத்துவிடுமோ என்று நாங்கள் காத்திருந்தோம். கூட்டம் கலைந்து மெஸ்ஸுக்குப் போனால் அந்த லைட் டூட்டி சாம்பாரில்கூட என்னென்னவோ ருசி தெரியும்.

யாரோ மொட்டைப் பெட்டிஷன் போட்டார்கள். பர்மிட்காரர் தன் சரக்கை ஊருக்கே ஊற்றிக் கொடுக்கிறார் என்று. உண்மையானால் பர்மிட் போவதோடு ஜெயிலும் உண்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை, சரியாக நயினார் தேனுக்காக வெளியே போன சமயத்தில், மதுவிலக்கு சப்-இன்ஸ்பெக்டர் ஒரு கான்ஸ்டபிளோடு மாடியேறி வந்தார். வாசலில் தனியாக நின்றுகொண்டிருந்த நயினாரைக் காவலுக்கு வைத்த ஆள் என்று நினைத்து, தோளைப் பிடித்து உள்ளே தள்ளிக்கொண்டு வந்தார்.

"எல்லாரும் நில்லுங்க. ஒவ்வொருத்தரா வந்து ஊதணும்."

ஊதினோம். சப்-இன்ஸ்பெக்டர் ஒவ்வொரு வாயாக மோந்து பார்த்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் பல் துலக்குவதைத் தள்ளிப் போடுகிறவர்கள் சிலர் எங்களில் இருந்தார்கள். அவர் முகம் போன போக்கைப் பார்த்துக் கான்ஸ்டபிள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். கடைசியில் சப்-இன்ஸ்பெக்டர் கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

"ஒருத்தனும் குடிக்கல. அப்புறம் எதுக்குய்யா இங்க உக்காந்திருக்கீங்க?"

"கேக்கறதுக்கு சார்."

"இன்னாத்த?"

"விஸ்கிய சார்."

அவர் என்னை உற்றுப் பார்த்தார். பிறகு நாங்கள் சொன்னதைச் சோதிப்பதற்காக மட்டும், அதிகாரபூர்வமாக, ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார். பர்மிட் விட்ட இடத்திலிருந்து தொடங்கினார். கேப்பை மாவு வந்தது. சொம்பு வந்தது. பிளாட்பாரம் வந்தது. சப்-இன்ஸ்பெக்டர் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார். லைட் டூட்டி என்று தீர்ப்பு வந்ததும் எழுந்தார்.

"நான் எத்தினியோ பேர புடிச்சிருக்கேன்" என்றார். "எப்டி இருந்துச்சின்னு ஒருத்தன்கூட சொன்னதில்ல."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வேட்டி சட்டையில் வந்தார். விசாரணை முடியவில்லை என்றார். அந்த விசாரணை முடியவே இல்லை.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் கிளியனூர்க்காரர் ஒருவர் மல்லாட்டை மூட்டைகளோடு எங்கள் மண்டிக்கு வந்தார். சொந்த நிலத்தில் பயிர் செய்கிறவர், நிதானமான மனிதர். எடை போட்டு முடிந்ததும் என்னைத் தனியே கூப்பிட்டார்.

"தம்பி, நீங்க தங்கியிருக்கிற எடத்துல பர்மிட்டுன்னு ஒருத்தரு இருக்காராமே. அவரு பொண்ண எம் பையனுக்குக் கேட்டிருக்குது. ஆளு எப்டி?"

"நல்ல மனுசருங்க."

"குடிக்கிறாரா?"

"வாரத்துக்கு ஒரு மூடிங்க."

"மத்த நாள்ல?"

"சோடாங்க. அதுவும் அவருக்குப் புடிக்காது."

அவர் சிரிக்கவில்லை. மேல்துண்டை எடுத்து உதறித் திரும்பப் போட்டுக்கொண்டார். "எனக்கு ஒண்ணும் இல்ல தம்பி. பையனுக்கும் பொண்ண புடிச்சிருக்குது. ஆனா சர்க்கார் சீட்டுலயே குடிகாரன்னு எழுதியிருக்குதாம். நாளைக்கு எங்க பங்காளி ஒருத்தன் பந்தில உக்காந்துக்கினு, இவ குடிகாரன் பொண்ணுதானேன்னு ஒரு வார்த்த உடுவான். அந்தப் பொண்ணு அத்த கேட்டுக்கினு பரிமாறணும். அதான் யோசனையா இருக்குது. சீட்ட திருப்பிக் குடுத்துட்டாருன்னா நாள் குறிச்சிடலாம். அவரு வூட்டம்மா கிட்டயும் சொல்லிட்டுத்தான் வர்றேன்."

அவர் சொன்னதில் தவறு இல்லை. பர்மிட்டிடம் இதை நான் சொல்வதா, வேண்டாமா என்று இரண்டு நாள் குழம்பினேன். அதற்குள் ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டது. கூடவே அந்த அம்மாளும் வந்துவிட்டார்.

பர்மிட்டின் மனைவியை எங்களில் யாரும் அதுவரை பார்த்ததில்லை. ஒல்லியாக, உயரமாக, கையில் குடையோடு வாசலில் வந்து நின்றார். யாரும் சொல்லாமலே நாங்கள் எல்லோரும் எழுந்தோம். சப்-இன்ஸ்பெக்டர் எல்லோருக்கும் முன்னால் எழுந்தார்.

"நீங்கல்லாம் உக்காருங்க" என்றவர், கணவர் பக்கம் திரும்பினார். "கிளியனூர்க்காரங்க முடிவா சொல்லிட்டாங்க. அந்தச் சீட்டு இந்தச் செவுத்துல இருக்கிற வரைக்கும் நம்ம பொண்ணுக்கு அந்த எடம் இல்ல."

பர்மிட் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தலையைத் தூக்கிச் சுவரைக்கூடப் பார்க்கவில்லை.

"சரி" என்றார்.

"இன்னா சரி?"

"நாளைக்கே போய்க் குடுத்துடறேன்."

அந்த அம்மாள் அப்படியே நின்றார். மயிலம் ஸ்டேஷன் தாண்டியதிலிருந்து மனத்துக்குள் சண்டையைத் தயார் செய்துகொண்டு வந்திருப்பார் என்று தோன்றியது. சேர்த்து வைத்திருந்த அத்தனை வார்த்தைகளுக்கும் வேலை இல்லாமல் போனதில் அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்கூட. குடையைச் சுவரில் சாய்த்தார்.

"அந்தப் பாட்டிலு?"

"கொஞ்சம் மிச்சம் இருக்குது."

"கொட்டுங்க."

"கொட்டிடறேன். ஒரே ஒரு தரம் சொல்லிட்டு."

"குடிச்சிட்டுன்னு சொல்லுங்க."

நயினார் மெதுவாகக் குறுக்கிட்டார். "இல்லீங்கம்மா. சொல்லிட்டுத்தான். நீங்க உக்காந்து கேளுங்க."

சப்-இன்ஸ்பெக்டர் தன் நாற்காலியை நகர்த்திக் கொடுத்தார். அவர் யார் என்று அந்த அம்மாளுக்குத் தெரியாது. யாரோ சோடா குடிக்க வந்தவர் என்று நினைத்து உட்கார்ந்தார்.

பர்மிட் மூடியில் ஊற்றினார். அன்று அவர் அவசரப்படவில்லை. வழக்கமாகச் சொல்லும் வாழைத்தாரும் சுண்ணாம்பும் வந்தன. ஆனால் அதோடு நிற்கவில்லை. மழை பெய்து விட்டபிறகு நெல் மூட்டைகளின் மேல் போட்ட கித்தான் காய்வதுபோல ஒரு வாசனை பின்னால் இருக்கிறது என்றார். இத்தனை நாளாக அது தெரியாமல் போயிற்று என்றார். தேன் என்று சொல்ல வாயெடுத்து, நயினாரைப் பார்த்து, "வெல்லப்பாகுன்னு வெச்சிக்க, இன்னிக்கி நீ வெளில போவாத" என்றார். நயினார் உட்கார்ந்தே இருந்தார்.

அந்த அம்மாள் கண் இமைக்காமல் கணவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முடிக்கும் முன்பே பேசினார்.

"ஏங்க, இப்டியெல்லாம் பேச வருமா உங்களுக்கு? கல்யாணமான நாள்லேர்ந்து என் கொழம்ப பத்தி நீங்க சொன்னது ரெண்டே ரெண்டு. உப்பு இருக்குது. உப்பு இல்ல."

அறையில் யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. ஊரில் இருக்கும் அத்தனை சாம்பாருக்கும் மோருக்கும் பிரசாதத்துக்கும் தரம் கொடுத்த மனிதர் தலையைச் சொறிந்தார்.

"உன் சாப்பாட்டுக்கு கிரேடு போட பயம்தான்."

"நான் இன்னா கிரேடா கேட்டேன்?" என்றார் அவர். பிறகு குரலைத் தாழ்த்தினார். "சரி, குடிக்கிறீங்க. சர்க்காரு குடுத்துது, குடிச்சீங்க. இத்தினி பேர உக்கார வெச்சி எதுக்கு இத்த சொல்றீங்க? அத்த சொல்லுங்க மொதல்ல."

எங்களுக்கும் அந்தக் கேள்வி தோன்றியதில்லை. வந்தோம், கேட்டோம், போனோம்.

பர்மிட் மூடியை மேஜையில் வைத்தார். வழக்கமான கச்சேரிக் குரல் போய்விட்டது. சாதாரணமாகச் சொன்னார்.

"இத்தாலில ஆஸ்பத்திரில படுத்திருந்தேன். லாரிலேர்ந்து உருளக்கெழங்கு மூட்டை சரிஞ்சி கால்மேல உழுந்துட்டுது. பக்கத்துக் கட்டில்ல ஒரு வெள்ளக்காரன். அயர்லாந்துக்காரன். தாடைல அடி. வாயத் தொறக்க முடியாம கம்பி வெச்சிக் கட்டியிருந்தாங்க. ஒரு குழாய் வழியா கஞ்சித் தண்ணி. அவன் தலையணைக்கு அடில சின்னதா ஒரு தகர டப்பா. அதுல இந்த விஸ்கி. வூட்லேர்ந்து வந்தது. இந்த வீணைப் படத்த ஒரு காயிதத்துல வரஞ்சி காட்டினான். எங்க ஊர்ல ஏழைங்க குடிக்கிறது, அப்டின்னு சைகை பண்ணான். அவனால குடிக்க முடியாது. என்னக் குடிக்கச் சொன்னான். குடிச்சிட்டு எப்டி இருக்குதுன்னு சொல்லச் சொன்னான்."

"உங்களுக்கு இங்கிலீஷ் ஏது?" என்றார் மனைவி.

"அதான் கஷ்டம். அதுக்கு முன்னால நான் குடிச்சதும் இல்ல. குட் சார், லிட்டில் ஃபயர் சார்னு சொன்னேன். அவன் தலைய ஆட்டறான், பத்தாதுன்றான். இன்னும் சொல்லு, இன்னும் சொல்லுன்னு கைய அசைக்கிறான். அப்புறம் தமிழ்லயே சொன்னேன். வாழப்பழம், வெல்லம், கேப்பை மாவு, எனக்குத் தெரிஞ்சதெல்லாம். அவனுக்கு ஒரு வார்த்த புரியாது. கண்ண மூடிக்கினு கேப்பான். தெனம் ஒரு மூடி. டப்பா தீர்ற வரைக்கும். தீந்தப்புறம் வெறும் மூடிய மோந்து பாத்துச் சொன்னேன்."

"அப்புறம்?" இந்தத் தடவை கேட்டது சப்-இன்ஸ்பெக்டர்.

"கப்பல்ல ஏத்தி அனுப்பிட்டாங்க சார் அவன. பேரு எனக்கு வாயில வரல. எழுதி வெச்சிக்கவும் இல்ல. மெட்ராஸ்ல ஒருத்தரோட அந்தக் கடைக்குப் போனப்ப கீழ்த்தட்டுல இந்தப் படத்தப் பாத்தேன். ஒடனே பர்மிட்டுக்கு எழுதிப் போட்டேன். அதான்."

கீழே சோடா இயந்திரம் ஓடுவது கேட்டது. அந்த அம்மாள் கையை நீட்டினார்.

"குடுங்க."

"எத்த?"

"அத்ததான். இத்தினி வருசமா இன்னாத்துக்கு சண்ட போட்டேன்னு பாக்கறேன்."

பர்மிட் இல்லாத ஒருவர் ஒரு துளி குடித்தாலும் குற்றம். பர்மிட்காரர் கொடுத்தால் அது அதைவிடப் பெரிய குற்றம். அந்தக் குற்றத்தைப் பிடிப்பதற்காகவே மாதம் பிறந்தால் சம்பளம் வாங்குகிற மனிதர் இரண்டு அடி தூரத்தில் நின்றுகொண்டிருந்தார். அவர் மெல்ல ஜன்னல் பக்கம் திரும்பினார். ஸ்டேஷன் இன்னும் அங்கேதான் இருக்கிறதா என்று வெகுநேரம் கவனமாகப் பார்த்தார்.

அந்த அம்மாள் மூடியில் உதட்டை வைத்தார். முகம் சுருங்கியது. விழுங்கினார். கண்ணில் நீர் வந்தது, முந்தானையால் துடைத்துக்கொண்டார். நாங்கள் எல்லோரும் முன்னால் சாய்ந்தோம்.

"இது நல்லாவே இல்ல" என்றார். "கஷாயம்கூடத் தேவல." மூடியைத் திருப்பிக் கொடுத்தார். "நீங்க சொன்னது நல்லா இருந்துச்சி."

பர்மிட் அந்த மூடியை வாங்கி, அதில் நின்ற துளியைப் பாட்டிலிலேயே திரும்ப ஊற்றினார். அன்று வீணை மார்க்குக்குத் தீர்ப்பே வழங்கப்படவில்லை. மிச்சத்தைக் கொல்லைப்புறம் எடுத்துப்போய் முருங்கை மரத்தடியில் கொட்டினார்கள். அந்த வருஷம் அந்த மரம் கிளை முறியக் காய்த்தது. லாட்ஜே சாப்பிட்டது. நயினார் மட்டும் தொடவில்லை.

பர்மிட்டைத் திருப்பிக் கொடுப்பதுதான் கடினமாகப் போயிற்று. ஆபீசில் பர்மிட் கேட்டு வருகிறவர்களுக்கு வழி இருந்தது. திருப்பிக் கொடுக்க வருகிறவருக்கு ஒரு வழியும் இல்லை. அதுவரை அப்படி ஒருவர் வந்ததில்லையாம். "பர்மிட்தாரர் இறந்துட்டாரா?" என்று கேட்டார்கள். "நான்தாங்க அது" என்றார். அப்படியானால் ஏன் திருப்பித் தருகிறீர்கள் என்று சந்தேகப்பட்டு, உள்ளே போய் வெளியே வந்து, மறுபடி உள்ளே போய், கடைசியில் சட்டத்தோடு வாங்கி வைத்துக்கொண்டார்கள். கண்ணாடிச் சட்டம் தன்னுடையது என்று அவர் கேட்டதற்கு, அதுவும் சேர்ந்துதான் என்றார்களாம்.

கல்யாணம் திண்டிவனத்தில் நடந்தது. பெண்ணைப் பெற்றவர் என்பதால் அன்று அவர் வாயைத் திறக்கக்கூடாது என்று மனைவி உத்தரவு போட்டிருந்தார். பந்தியில் கிளியனூர்ச் சம்பந்தி பக்கத்தில் உட்கார்ந்து பாயசத்தை ஒரு வாய் குடித்துவிட்டு, "எப்டி இருக்குது சம்பந்தி, சொல்லுங்க" என்றார். இவர் மனைவி நின்ற பக்கம் பார்த்தார். அவர் லேசாகத் தலையாட்டினார். அவ்வளவுதான். ஏலக்காய் எங்கே நிற்கிறது, முந்திரி எந்த நெய்யில் வறுபட்டது, பால் எந்த நேரத்தில் அடி பிடிக்க நினைத்து மனம் மாறியது என்று ஆரம்பித்தார். கிளியனூர்ப் பங்காளிகள் இலையை விட்டு எழுந்திருக்காமல் கேட்டார்கள். அடுத்த பந்திக்காரர்கள் பின்னால் நின்று பேஜாராகப் போயிற்று என்று முணுமுணுத்தார்கள். பந்தியில் யாரும் குத்தலாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. பேச அவர் இடைவெளி விடவில்லை என்பதும் ஒரு காரணம்.

கொஞ்ச நாளில் சோடா கம்பெனியையும் திண்டிவனத்துக்கே மாற்றிக்கொண்டு போய்விட்டார். சப்-இன்ஸ்பெக்டர் மூட்டைகளை வண்டியில் ஏற்ற ஒரு கை கொடுத்தார். பிறகு வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனார். அந்த மொட்டைப் பெட்டிஷன் போட்டது யார் என்பது கடைசிவரை தெரியவில்லை. தெரிந்திருந்தால் அவரையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டு உட்கார வைத்திருப்போம்.

அதற்குப் பிறகு மூன்று நான்கு வருஷம் நான் விழுப்புரத்தில் இருந்தேன். ஞாயிறு காலை முதல் ரயிலைப் பிடித்தால் பதினோரு மணிக்கு முன்னால் அவர் வீட்டுக்குப் போய்விடலாம். அந்த நேரத்தில் அவர் கூடத்தில் உட்கார்ந்து, முதல் நாள் வைத்த மீன் குழம்பை ஒரு கரண்டி உள்ளங்கையில் ஊற்றி, எதிரே உட்கார்ந்திருக்கும் மனைவிக்கு அதைச் சொல்லிக்கொண்டிருப்பார். அந்த அம்மாள் கீரை ஆய்ந்துகொண்டே கேட்பார். இடையிடையே, "புளி பழசு, அத்த உட்டுட்டீங்களே" என்று திருத்துவார். நான் வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டதும் பர்மிட் திரும்பாமலே குரல் கொடுப்பார்.

"வாப்பா. இந்த வாரமும் மண்டி வேலையா வந்தியா?"

"ஆமாங்க, இங்க ஒரு பார்ட்டிய பாக்கணும்" என்பேன்.

திண்டிவனத்தில் எனக்கு ஒரு வேலையும் இருந்ததில்லை.